டிசம்பரில் ஊர் தலை எண்ணும்

டிசம்பர் 22, 23 தேதிகளில் சென்னையிலிருந்து தெற்கே புறப்படும் ரயில்களைப் பாருங்கள். கன்னியாகுமரி, நெல்லை, முத்துநகர், செந்தூர் என்று எந்த எக்ஸ்பிரஸிலும் நிற்க இடம் இருக்காது. இருக்கைக்கு அடியில் கேக் பெட்டி, மேலே மடித்துக் கட்டிய காகித நட்சத்திரம், அரையாண்டுத் தேர்வு முடிந்த களிப்பில் படுக்கைக்குப் படுக்கை தாவும் பிள்ளைகள். 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம் என்றிருந்த காலத்தில் எங்களுக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும். 2024 நவம்பரில் அது 60 நாளாகக் குறைந்தது. இப்போது அக்டோபரில் தொடங்குகிறது. டிக்கெட் கிடைத்தால்தான் பண்டிகை என்பது மட்டும் மாறவில்லை.

இப்படி அடித்துப் பிடித்து ஏன் போகிறோம்? பிரியாணியும் கேக்கும் சென்னையிலேயே நன்றாகக் கிடைக்கின்றன. நட்சத்திரத்தை எந்த மாடியிலும் கட்டலாம். ஆராதனைக்கும் குறைவில்லை. ஆனாலும் போகிறோம், ஊரில் நம்மை எண்ணுகிறார்கள் என்பதால். தென்மாவட்ட டிசம்பரில் நடக்கிற ஒவ்வொரு சடங்குக்குள்ளும் தலை எண்ணும் வேலை ஒன்று இருக்கிறது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் இனி வரவே மாட்டார்கள் என்று ஊர் ஆண்டுக்கொரு முறை சரிபார்த்துக்கொள்கிறது.

பனை ஓய்ந்த மாதம்

என் தகப்பனார் ஊர் சாத்தான்குளம் பக்கம். செம்மண் தேரியும் பனையும்தான் அங்கே நிலம். திருநெல்வேலிச் சீமையின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பான முதலூர் 1799இல் இந்த வட்டாரத்தில்தான் எழுந்தது. அடுத்த நூற்றாண்டில் கோயிலை நடுவில் வைத்துத் தெருக்கள் வகுத்த ஊர்கள் பல உருவாயின. மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே வெகு தூரத்துக்குத் தெரியும். இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய ஆலயம் 1880இல் பிரதிஷ்டை ஆனது. இந்த ஊர்களில் மாதா கோயில், சர்ச் என்றெல்லாம் சொல்வதில்லை. வெறுமனே கோயில்தான். போதகர் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா.

பனையேற்று மாசி, பங்குனியில் சூடுபிடித்து ஆடி வாக்கில் ஓயும். அந்த மாதங்களில் பல குடும்பங்கள் வெளியூர்க் காடுகளில் விடிலி போட்டுத் தங்கிப் பதனீர் காய்ச்சும். கார்த்திகையும் மார்கழியும் பாளைக்கு ஓய்வு, ஏறுகிறவனுக்கும் ஓய்வு. மழை பெய்து தேரி குளிர்ந்து கிடக்கும் அந்த நாட்களில்தான் ஊர் முழுதாக ஊரில் இருக்கும். பிறகு பனையை விட்டு மளிகைக் கடைக்கும் வாத்தியார் வேலைக்கும் ஆட்கள் போனார்கள். மதுரை, சென்னை, கொழும்பு, பம்பாய் என்று பரவினார்கள். போனவர்களும் அதே மாதத்தில்தான் திரும்பி வந்தார்கள். கடை வைத்த என் பெரியப்பா 24ஆம் தேதி இரவு வியாபாரத்தை முடித்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார். முதல் ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது கோயில் வாசலில் பெட்டியோடு நிற்பார். கோயிலுக்குப் பிந்தியதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வந்துவிட்டாரே, அது போதும்.

எந்த வீட்டையும் விடாத பஜனை

நகரத்தில் கேரல் ரவுண்ட்ஸ் என்பதை நாங்கள் பஜனை என்போம். ஆர்மோனியம், கஞ்சிரா, ஜால்ரா, முன்னால் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. பாடுவது பெரும்பாலும் கீர்த்தனைகள். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்கள் அவற்றில் முக்கியமானவை. கர்நாடக ராகங்களில் அமைந்த அவற்றைச் சங்கீதம் கற்காத பனையேறிகள் தலைமுறை தலைமுறையாகத் தப்பில்லாமல் பாடி வந்தார்கள்.

பஜனைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு வீட்டையும் தாண்டிப் போகக் கூடாது. சங்க வரி கட்டாதவர், உபதேசியாரோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு வருஷமாகக் கோயில் பக்கமே வராதவர், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவி, எல்லார் வாசலிலும் ஒரு பாட்டு, ஒரு ஜெபம். சில வீடுகளில் சுக்குக் காப்பி வரும். சில வீடுகளில் கதவு திறக்காது. திறக்காத கதவுக்கு முன்னாலும் முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் நகர வேண்டும். சிறுவனாக இருந்தபோது தூக்கக் கலக்கத்தில் எனக்கு இது அநியாயமாகத் தெரிந்தது. உள்ளே இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது வயது ஏறிய பிறகுதான் விளங்கியது.

நாங்கள் திரும்பும் நேரத்தில் பக்கத்துத் தெருப் பெருமாள் கோயிலில் ஒலிபெருக்கி உயிர் பெறும். மார்கழி அல்லவா? திருப்பாவை கேட்கத் தொடங்கும். வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட வந்த பெண்கள், “பஜனை முடிஞ்சுதா? எத்தன வீடு?” என்று கேட்பார்கள். அவர்களுக்கும் எண்ணிக்கைதான் வேண்டியிருந்தது.

முதல் தட்டு யாருக்கு?

என் அம்மா நாகர்கோவில்காரர். அவர் பக்கத்தில் டிசம்பர் என்பது கோட்டாறு சவேரியார் திருவிழாவோடு தொடங்கிவிடும். பிரான்சிஸ் சவேரியார் இறந்த டிசம்பர் 3ஆம் தேதி குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. எந்தச் சபை, எந்த மதம் என்று பாராமல் எல்லோரும் தேர் பார்க்கப் போவார்கள். அம்மா அங்கிருந்து கொண்டுவந்த பலகாரம் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது பாசிப்பயறு. பயறை வறுத்து, தோல் போகப் புடைத்து, ரவை பதத்துக்குத் திரித்து, தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருட்ட வேண்டும். பாகு இளகினால் உருண்டை நிற்காது, முறுகினால் கல்லாகிவிடும். மும்மூன்று உருண்டையாகச் சேர்த்து அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் இட்டால் கொத்துக் கொத்தாக வெந்து வரும். இரண்டு வாரம் கெடாது.

அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு அச்சுமுறுக்கும் அதிரசமும்தான் பண்டிகை. தூத்துக்குடி அத்தை மக்ரூன் கொண்டுவருவாள். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்த அந்தக் கூம்பு, மழை ஈரம் பட்டால் பிசுபிசுத்துப் போகும். அதனால் டப்பாவைத் திறந்த அன்றே தீர்த்துவிடுவது எங்கள் கடமை. முதலூரிலிருந்து தேங்காய்ப்பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வா வந்து சேரும்.

பலகாரம் சுட்டு முடிந்ததும் ஆச்சி தட்டுகளை வரிசையாக வைத்து வீட்டுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருவாள். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பலகாரம் சுடாத அந்த வீட்டுக்குத்தான் முதல் தட்டு போகும். அதன் பிறகு நேர் எதிர் வீட்டுக்கு, பிறகு இந்துத் தெருவுக்கு, கடைசியில் எங்களுக்கு. “ஏல, தட்டக் குடுத்துட்டு ஓடி வந்துராத. செத்த நேரம் உக்காந்துட்டு வா” என்று சொல்லித்தான் அனுப்புவாள். அந்தச் செத்த நேரம்தான் எங்களுக்குப் பெரும்பாடு. பேசத் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்து, சுவரில் புதிதாக மாலை ஏறிய படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பதிவேடும் பந்தியும்

25 முடிந்தால் கல்யாணங்கள். மார்கழியில் இந்து வீடுகளில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் எளிதில் கிடைக்கும். வெளியூர்ச் சொந்தங்களும் ஊரில்தான் இருப்பார்கள், அவர்களைத் தனியாக வரவழைக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானமும் நிச்சயதார்த்தமும் அதே வாரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வரும்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் ஐயர் பதிவேட்டைத் திறந்து அந்த ஆண்டின் கணக்கை வாசிப்பார். ஞானஸ்நானம் இத்தனை, திருமணம் இத்தனை, அடக்கம் இத்தனை. அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும்போது பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்கும். மணி பன்னிரண்டு அடித்ததும் வாக்குத்தத்த அட்டை, கை குலுக்கல், வெளியே வெடிச்சத்தம்.

எங்கள் ஊரில் அசனமும் அந்த வாரத்தில்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் பணமும் சேர்த்து, ஆடு அடித்து, கோயில் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சமைப்பார்கள். கடைக்காரரும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் மணலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளி போகும். எத்தனை தூக்குவாளி போகிறது என்பதை வைத்தே ஊரில் எத்தனை பேர் நடமாட முடியாமல் கிடக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கணக்கு உதைத்த டிசம்பர்கள்

தமிழகக் கடலோரத்துக்கு டிசம்பர் எப்போதுமே நல்ல மாதமாக இருந்ததில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அலையில் மூழ்கியது.

2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை 6:28க்குச் சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. சில மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. தமிழகத்தில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தில் இறந்தவர்கள். குமரியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் பண்டிகைக்கு வந்த உறவினர்களையும் சேர்த்துப் பறிகொடுத்தன. அங்கெல்லாம் ஆண்டுதோறும் 25 அன்று குடில் முன்னும் 26 அன்று கல்லறை முன்னும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தது. ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதி மீனவர்கள் பலர் திரும்பவில்லை. கடலில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் ஊர்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. எந்த வீட்டிலிருந்து யார், எந்தப் படகில், என்று போனார் என்று பெயர் பெயராகச் சொல்லக்கூடியவர்கள் பங்குக் கோயில்களிலும் தெருக்களிலும்தான் இருந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடலோர ஊர்கள் பலவற்றில் நட்சத்திரம் ஏறவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கமே மூழ்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் துண்டித்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மீட்புக் குழு வந்து சேரும் முன் பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரும் வெள்ளத்தில் கிடக்க, இருந்த அரிசி பருப்பைத் திரட்டிச் சமைத்து அந்தப் பயணிகளுக்குப் பசியாற்றினார்கள். எத்தனை வயிறு என்று எண்ணி உலை வைத்துப் பழகிய சீமைக்கு இது இயல்பாக வந்தது. வேறெந்தப் பயிற்சியும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

இப்போது

இன்று பஜனைக்கு மினி லாரியும் ஸ்பீக்கரும் வந்துவிட்டன. கிறிஸ்துமஸ் தாத்தா செண்டை மேளத்துக்கு ஆடுகிறார். பலகாரம் நாசரேத் கடையிலிருந்து டப்பாவில் வருகிறது. இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. முந்திரிக்கொத்துக்கு முதுகு ஒடிய நின்றவர்கள் பெண்கள். கடையில் வாங்கினால் அவர்களும் கொஞ்சம் உட்காரட்டும்.

வருத்தம் வேறொன்றில்தான். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் வீடுகளில் பலவற்றில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் மெல்போர்னிலும். காலையில் வீடியோவில் வாழ்த்து வந்துவிடுகிறது. நேரம் போதாது என்று பஜனைக்குழு இப்போது முன்கூட்டியே பட்டியல் போடுகிறது. கூட்டம் இருக்கும் வீடு, காணிக்கை வரும் வீடு என்று பார்த்து வண்டி நிற்கிறது. ஒற்றை ஆள் இருக்கும் வீட்டைத் தாண்டிப் போகிறது. மாற்றங்களில் இது ஒன்றைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஒரு வீட்டை விட்டுவிட்டால் எண்ணிக்கை தப்பாகிவிடும். வெள்ளமோ புயலோ வரும் நாளில் முதலில் மறக்கப்படுவதும் அந்த வீடாகத்தான் இருக்கும்.

ஆகவே சபைகளுக்கும் இளைஞர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் பாட்டைக் குறையுங்கள், வெடியைக் குறையுங்கள், வீட்டைக் குறைக்காதீர்கள். ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டுக்கு மட்டும் போய்த் திரும்பிவிடாதீர்கள். வர முடியாமல் போன உங்கள் கூட்டாளியின் அப்பா அம்மா அதே தெருவில்தான் இருக்கிறார்கள். ஒரு தட்டுப் பலகாரத்தோடு போய், செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.