ரசிகர் புனைவில் பாத்திரக் குரலும் நோக்குநிலையும்

ரசிகர் புனைவு என்பது, ஏற்கெனவே வெளிவந்த ஒரு கதையின் மாந்தர்களையும் களத்தையும் எடுத்துக்கொண்டு அக்கதையின் வாசகர் புதிதாக எழுதும் கதையாகும். தமிழில் இப்பெயர் புதியது என்றாலும் இவ்வகை எழுத்து புதியதன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–1954) நாவலின் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். இராமாயண அகலிகையை மையமாக வைத்துப் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினார்.

இத்தகைய கதையின் வாசகர், மாந்தர்களை முன்பே நன்கு அறிந்தவர். "வந்தியத்தேவன் இப்படிப் பேசமாட்டானே" என்று அவருக்கு ஒருமுறை தோன்றிவிட்டால், அதன்பின் கதையை நம்பமாட்டார். ஆகவே பாத்திரக் குரலும் நோக்குநிலையும் இங்கு முதன்மை பெறுகின்றன.

பாத்திரக் குரல்

ஒரு பாத்திரம் அடிக்கடி சொல்லும் சொற்களைத் திரும்ப எழுதுவதால் மட்டும் அதன் குரல் வந்துவிடாது. அப்பாத்திரம் எதைக் கவனிக்கிறது, எதை எதனோடு ஒப்பிடுகிறது, யாரிடம் எப்படிப் பேசுகிறது என்பவற்றிலிருந்தே குரல் பிறக்கிறது.

கல்கியின் 'பார்த்திபன் கனவு' நாவலில் வரும் பொன்னன், உறையூரைச் சேர்ந்த காவிரி ஓடக்காரன். குந்தவி, பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மரின் மகள். மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள நெம்மேலிக் கடற்கரையில் இருவரும் நிற்பதாக ஒருவர் புதுக்கதை எழுதுகிறார் எனக் கொள்வோம்.

பொன்னன்: "அக்கரையே தெரியலியே! இதுல எந்தப் பக்கம் பார்த்துத் துடுப்புப் போடறது?"

குந்தவி: "அப்பாவின் கப்பல்கள் இன்னும் திரும்பவில்லையா?"

இருவரும் பார்ப்பது ஒரே கடல். ஆற்றில் வளர்ந்தவன் அக்கரையைத் தேடுகிறான். அரண்மனையில் வளர்ந்தவள் தந்தையின் கப்பல்களைத் தேடுகிறாள். பெயர்களை நீக்கினாலும் பேசுவது யார் என்று தெரிந்தால், குரல் சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நோக்குநிலை

கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது என்பதே நோக்குநிலை. இதில் மூன்று வகைகள் பெருவழக்கானவை.

1. தன்மை நோக்கு: பாத்திரமே 'நான்' என்று சொல்வது.
2. வரையறுத்த படர்க்கை நோக்கு: 'அவன்', 'அவள்' என்று எழுதினாலும் ஒருவர் அறிந்ததை மட்டும் சொல்வது.
3. முற்றறி நோக்கு: எல்லோர் மனத்தையும் அறிந்த கதைசொல்லி சொல்வது.

கல்கி பெரும்பாலும் மூன்றாம் வகையைக் கையாண்டார். அவருடைய கதைசொல்லி வாசகரோடு நேராகவே பேசுவார். எல்லாம் அறிந்திருந்தும் சிலவற்றை மறைத்து வைப்பார். 'பார்த்திபன் கனவி'ல் சோழ இளவரசன் விக்கிரமனுக்கு உதவும் சிவனடியார் உண்மையில் நரசிம்மவர்மரே என்பது இறுதியில்தான் வெளிப்படையாகிறது.

இக்கதையை நரசிம்மவர்மரின் தன்மை நோக்கில் எழுத முற்பட்டால் அந்த மர்மத்தைக் காப்பது மிகக் கடினம். தான் யார் என்பதைத் தன் மனத்துக்குள்ளேயே ஒருவர் மறைத்துக்கொண்டால், வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். எனவே மர்மத்தைக் கைவிட்டு வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும்: தன்னை எதிர்த்துப் போரிட்டு மாண்ட சோழ மன்னனின் மகனைக் காக்கும் பேரரசனின் மனம் எத்தகையது? நோக்குநிலை மாறும்போது கதையின் மையக் கேள்வியும் மாறுகிறது.

பாத்திரம் அறிந்ததும் ஆசிரியர் அறிந்ததும்

ஆசிரியரின் அறிவு பாத்திரத்தின் வாயில் கசிவது பரவலான பிழை. முதலாம் நரசிம்மவர்மரின் ஆட்சிக்காலம் ஏறத்தாழ கி.பி. 630–668. இன்று மாமல்லபுரத்தின் அடையாளமாக விளங்கும் கடற்கரைக் கோயில், அவருக்குப் பின் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மன் காலத்தது. ஆகவே குந்தவி அக்கோயிலின் விமானத்தைப் பார்த்து வியப்பதாக எழுத முடியாது. அவள் வாழ்ந்த காலத்தை 'ஏழாம் நூற்றாண்டு' என்று அவளே சொல்லவும் முடியாது.

மூலத்திலிருந்து விலகுதல்

குரல் பொருந்த வேண்டும் என்பதற்காக மூலத்தை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. 'சாப விமோசன'த்தில் இராமனால் சாபம் நீங்கிய அகலிகை, அவன் சீதையைத் தீக்குளிக்கச் செய்ததைச் சீதையின் வாயாலேயே கேட்டு மீண்டும் கல்லாகிறாள். இராமாயணத்தில் இந்த முடிவு இல்லை. ஆயினும் பழி சுமந்து கல்லாய்க் கிடந்த ஒரு பெண் அச்செய்தியை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எண்ணினால் இம்முடிவு பொருந்துகிறது. மலையாளத்தில் எம். டி. வாசுதேவன் நாயர் எழுதிய 'ரண்டாமூழம்' (1984), மகாபாரதத்தைப் பீமனின் பார்வையில் சொல்கிறது. மூலத்தில் ஓரமாக நின்றவருக்கும் குறைவாகப் பேசியவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கும். இவ்வகை எழுத்தின் பயனும் அங்கேதான் உள்ளது.

எழுதியபின் சரிபார்க்க

- இக்காட்சியில் பாத்திரத்துக்குத் தெரியாதது எது? அது எங்கேனும் சொல்லப்பட்டுள்ளதா?
- ஒரே காட்சிக்குள் பார்வை காரணமின்றி மற்றொருவர் மனத்துக்குத் தாவுகிறதா?
- பாத்திரம் மூலத்திலிருந்து விலகினால், அதற்கான காரணம் கதைக்குள் உள்ளதா?
- உரையாடலை வாய்விட்டுப் படிக்கும்போது இருவர் பேசுவதாகக் கேட்கிறதா, ஒருவரே பேசுவதாகக் கேட்கிறதா?