293318625600 (எண்)

293318625600 என்பது ஓர் இயல் எண். இந்திய முறையில் இது 2,93,31,86,25,600 என எழுதப்படும். அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இது ஓர் உயர் பகு எண். சீனிவாச இராமானுசன் 1915-இல் வெளியிட்ட உயர் பகு எண்களின் பட்டியலில் விடுபட்ட எண் இதுவே.

உயர் பகு எண்

தன்னைவிடச் சிறிய எல்லா இயல் எண்களைவிடவும் அதிக வகுத்திகளைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உள்ளன. 12-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் வகுத்திகள் இல்லை. 18-க்கும் ஆறு வகுத்திகளே உண்டு. எனவே அது உயர் பகு எண் அன்று.

பகாக் காரணிகள்

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒரு வகுத்தியை அமைக்க, 2-இன் அடுக்கை 0 முதல் 6 வரை 7 வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். 3-இன் அடுக்கை 5 வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். மற்றவற்றுக்கும் இவ்வாறே. ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கை:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

இதற்கு முந்தைய உயர் பகு எண்ணான 240940299600-க்கு 4800 வகுத்திகளும், அடுத்ததான 321253732800-க்கு 5376 வகுத்திகளும் உள்ளன.

பிற பண்புகள்

- 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும். இதை வகுக்காத மிகச்சிறிய எண் 23.
- வகுத்திகளின் எண்ணிக்கையான 5040-உம் இதன் ஒரு வகுத்தியே. 5040 தானும் ஓர் உயர் பகு எண். அதற்கு 60 வகுத்திகள் உள்ளன.
- அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என எங்கும் ஏறாமல் செல்கின்றன. இது எல்லா உயர் பகு எண்களுக்கும் பொருந்தும். பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால், அடுக்குகளை இடம் மாற்றி, அதே அளவு வகுத்திகளுடன் சிறிய எண்ணைப் பெறலாம். 18 = 2 × 3² என்பது 12 = 2² × 3 ஆவது இப்படித்தான்.

இராமானுசனின் பட்டியல்

இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்த அக்கட்டுரையில் 102 உயர் பகு எண்கள் இடம்பெற்றன. கணினி இல்லாத காலத்தில் உருவான அப்பட்டியலில் இந்த ஓர் எண் மட்டும் விடுபட்டது. உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்சு பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் அளித்தது.

பட்டியலின் கடைசி எண் 6746328388800. இது விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு:

293318625600 × 23 = 6746328388800

23 புதிய பகாக் காரணி என்பதால் வகுத்திகள் இருமடங்காகி 10080 ஆகின்றன. விடுபட்ட எண், பட்டியலின் கடைசி எண்ணுக்குள் ஒரு காரணியாக இருக்கிறது. மாணவர்கள் இப்பெருக்கலைத் தாளில் செய்து சரிபார்க்கலாம்.