இரண்டு அங்குலத் தண்ணீர்

சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் கடல்போல வீராணம் ஏரி. மறு பக்கம், கரைக்குத் தாழ, கண்ணுக்கெட்டிய மட்டும் நெல் வயல். பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரே தேய்ந்து வீராணம் ஆயிற்று. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியே இதற்குக் காவிரி நீர் வருகிறது. நாற்பத்து நாலாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் போகிறது.

மதகு வரையில் சரி. அதற்கப்பால்?

பல இடங்களில் வயலுக்கு வயல் பாய்ச்சல்தான். மேல் வயல் நிறைந்து வழிந்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர். மேல் வயல்காரர் யூரியா தூவிவிட்டு மடையை அடைத்தால், சிதம்பரம், புவனகிரிப் பக்கத்துக் கடைமடைக்காரர் காத்திருக்க வேண்டியதுதான். அடைத்தவரையும் குறை சொல்வதற்கில்லை. திறந்து வைத்தால் அவருடைய காசல்லவா அடுத்த வயலுக்குக் கரைந்து போகிறது! வயல்தோறும் தனி மடை இருக்கும்படி ஒரு சிறு வாய்க்கால் வெட்டினால் தகராறு பாதி தீரும். அதற்கு ஆளுக்குக் கொஞ்சம் நிலம் விட வேண்டும். அங்கேதான் பேச்சு நின்றுபோகிறது.

இன்னொரு சங்கதி, மட்டம். ஓர் ஏக்கரில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தச் சுமார் இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். வயல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டே அங்குலம் சரிந்திருந்தால், மேட்டில் இரண்டு நிற்கும்போது பள்ளத்தில் நாலு நிற்கும். கணக்கு மூன்று லட்சம் ஆகிவிடும். பரம்படித்தும் கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்றத்தாழ்வை, டிராக்டரில் பூட்டும் லேசர் கருவி கண்டுபிடித்துச் சீவிவிடுகிறது. ஆனால் மேல்மண்ணை அதிகமாகச் சீவினால் அந்த இடத்தில் பயிர் சோர்ந்து நிற்கும். நிதானம் வேண்டும்.

'காய்ச்சலும் பாய்ச்சலும்' நமக்குப் பழகிய சொல். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஓர் அளவு சொல்கிறது. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்துப் பாருங்கள். உள்ளே நீர் தரைக்குக் கீழே ஆறு அங்குலம் இறங்கிய பிறகு, மறுபடி இரண்டு அங்குலம் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ஆனால் அடுத்தவருக்குப் போகும் தண்ணீர் தம் வயல் வழியாகவே ஓடும்போது, ஒருவர் எப்படித் தம் வயலைக் காயப் போடுவது? எனவே மறுபடியும் அந்தச் சிறு வாய்க்காலுக்கே வந்து சேருகிறோம்.

பாய்ச்ச ஒரு வாய்க்கால் இருந்தால், வடிக்கவும் ஒன்று வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் சம்பாப் பயிர் மூழ்கிவிடும். வாய்க்காலுக்கு நிலம் விட மறுத்தவரும் அன்றைக்கு மண்வெட்டியும் கையுமாக, கொட்டுகிற மழையில் வடிகாலைத் தேடிக்கொண்டிருப்பார்.