பழைய ஜெர்மானியத் துப்பாக்கியின் மெய்ம்மை காணல்

பழம்பொருள் தொகுப்போர் ஒரு பொருளைக் கையிலெடுத்ததும் எழுப்பும் முதல் வினா, 'இஃது அழகியதோ?' என்பதன்று, 'இஃது உள்ளபடியே உள்ளதோ?' என்பதேயாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் காலாட்படையினர் ஏந்திய 'காரபைனர் 98-கே' என்னும் ரைபிள் துப்பாக்கியைக் கொண்டு இவ்வினாவிற்கு விடைகாணும் முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1898-ஆம் ஆண்டின் மௌசர் துப்பாக்கியைக் குறுக்கி, 1935-இல் படைக்கென ஏற்கப்பட்டது இது. 7.92 மில்லிமீட்டர்த் தோட்டாக்கள் ஐந்தினைத் தன்னகத்தே கொள்வது. போர் முடியுமுன் ஒரு கோடிக்கு மேற்பட்டவை செய்யப்பெற்றன. ஆதலின் துப்பாக்கி அரிதன்று. ஆலையை விட்டு நீங்கியபடியே மாறாது நிற்பதொன்றே அரிது.

முதற்கண் ஆராயத்தக்கது எண். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அது நான்கு இலக்கத்தளவில் நின்று, பின் ஓர் எழுத்தைத் துணைக்கொண்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அவ்வெண்ணோ, அதன் கடைசி இரண்டு இலக்கங்களோ, தாழ் முதலான உறுப்புக்களிலும் சிறு திருகாணிகளிலும் பொறிக்கப்படும். எண்களெல்லாம் ஒத்திருப்பின் உறுப்புக்கள் உடன்பிறந்தவை எனத் துணியலாம். ஆயினும் 1944-இன் இறுதியில் அவசரம் மிகவே, சில உறுப்புக்கள் எண்ணின்றியே விடப்பட்டன. அக்காலத்துத் துப்பாக்கியில் சிறு திருகாணிதோறும் எண் விளங்குமாயின், அதுவே ஐயத்திற்கு இடமாம்.

இரண்டாவது, ஆலைக்குறி. ஓபர்ண்டார்ப் நகரத்து மௌசர் ஆலை முதலில் 'எஸ்/42' எனவும், பின்னர் '42' எனவும், 1941 முதல் 'பி.வை.எப்.' எனவும் பொறித்தது. ஆகவே 'பி.வை.எப்.' என்னும் குறியும் 1938 என்னும் ஆண்டும் ஒருங்கே காணப்படின், அது பிற்காலத்தார் கைவேலை என்பது தெற்றென விளங்கும். படைக்கலச் சோதனையாளர் இட்ட கழுகு முத்திரையின் கீழுள்ள எண்ணும் ஆலையோடு பொருந்துதல் வேண்டும். 135 மௌசர் ஆலைக்கும், 623 ஸ்டையர் ஆலைக்கும் உரியன. ஆயின் பிற ஆலைகளிலிருந்து வாங்கிய உறுப்பில் வேறெண் இருத்தலும் இயல்பே.

மூன்றாவது, மரமும் மெருகும். முற்பட்டவை வாதுமைக்கட்டையாலானவை, 1930-களின் பிற்பகுதி முதல் மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டிய கட்டை பெருவழக்காயிற்று. போர் முதிர முதிர, கடைந்தெடுத்த வளையங்கள் நீங்கித் தகட்டு வளையங்கள் வந்தன. 1944-இன் பிற்பகுதியில் துப்பாக்கிச் சனியன் மாட்டும் முளையும், குழல் துலக்குங் கோலும் விடுபட்டன. அரத்தின் சுவடும் அழிக்கப்படவில்லை. ஆதலின் அவ்வாண்டின் துப்பாக்கி கண்ணாடிபோற் பளபளப்பின் மகிழற்க. உப்புத்தாள் கொண்டு தேய்த்தவர் ஒருவர் உளர் என்று அறிக. மரத்தின் முத்திரைகள் விளிம்பு மழுங்கியிருத்தலும், தேய்ந்த பரப்பில் ஒரு முத்திரை மட்டும் கூர்மையாயிருத்தலும் அதற்குச் சான்றுகளாம்.

மாற்றங்களெல்லாம் வஞ்சனையும் அல்ல. சோவியத்துப் படையினர் கைப்பற்றியவற்றைக் கழற்றிப் பழுதுபார்த்து, அரக்குப்பூச்சிட்டு, கலந்துபோன உறுப்புக்களில் புதிதாக எண் எழுதினர். நார்வேயினரும் இஸ்ரேலரும் போருக்குப்பின் வேறு தோட்டாவிற்கேற்பக் குழலை மாற்றினர். இவை அத்துப்பாக்கியின் இரண்டாம் வரலாறு. அவ்வாறே கூறி விற்றால் குற்றமில்லை. விலை மிகும்பொருட்டு எஸ்.எஸ். படையின் குறியைப் பொய்யாகப் பொறிப்பதும், தொலைநோக்கியைப் பிற்காலத்திற் பொருத்திக் குறிசுடுவோன் துப்பாக்கி என்பதுமே வஞ்சனை. சுவடியில் ஏடெழுதுவோன் பிழையும், வேண்டுமென்றே செருகிய பாட்டும் ஒன்றாகாமை போல்வது இது.

கொலைக்கருவியொன்றின் மெய்ம்மையை இத்துணை ஆராய்வது எற்றிற்கு என்பார்க்கு ஒன்று கூறுவோம். 'பி.சி.டி.' என்பது வைமார் நகரத்துக் குஸ்ட்லாப் ஆலையின் குறி. அவ்வாலையின் கிளையொன்று புகன்வால்ட் சிறைமுகாமின் அருகே 1943-இல் நிறுவப்பட்டு, கைதிகளை வேலைகொண்டது. 1944 ஆகஸ்டு 24-இல் நேச நாட்டார் அதன்மீது குண்டு வீசியபோது கைதிகள் பலர் மாண்டனர். 'பி.என்.ஸெட்.' என்னுங் குறியுடைய ஸ்டையர் ஆலைக்கோ, குசென் முகாமின் கைதிகள் உறுப்புக்கள் செய்தனர். கல்லறையும் பெயரும் இன்றி மறைந்தார் பலரின் உழைப்பிற்குச் சான்றாய் எஞ்சியவற்றுள், அவ்விரும்பின் அரச்சுவடும் ஒன்று. அதனை அழகின் பொருட்டுத் தேய்த்தழிப்பவர் துருவை மட்டும் அழிக்கவில்லை.

ஆகலின் தொகுப்போன் கடமை இரண்டு: பொய்க்குறியை மெய்யென ஏலாமை, மெய்க்குறியைத் தன் கையால் அழியாமை. சிறிது எண்ணெயும் மெல்லிய துணியும் கொண்டு துருவைத் தடுத்தல் சாலும். எஞ்சியவற்றைக் காலம் விட்டுவைத்தபடியே விட்டுவைத்தலே நன்று.