சாப்பிட்ட பிறகு சோப்பு, சாப்பிடும் முன்னாடி?

மதியம் ஒரு மணிக்கு உங்க ஆபீஸ் கேன்டீன் வாஷ்பேசின் பக்கத்துல நின்னு பாருங்க. சாப்பிட வர்றவங்க விரல் நுனியைத் தண்ணியில காட்டிட்டுப் போயிடுவாங்க. சாப்பிட்டு முடிச்சவங்கதான் சோப்பு போட்டு, முகர்ந்து பார்த்து, மறுபடியும் தேய்ப்பாங்க. சாம்பார் வாசனை போகணும்ல? ஆனா கிருமிக்கு வாசனை கிடையாது. காலையில இருந்து தொட்ட லிஃப்ட் பட்டன், பைக் சாவி, மொபைல் எல்லாமே அந்த விரல்லதான் இருக்கு.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிய வியன்னா வரைக்கும் போகணும். அங்க பொது மருத்துவமனையில ரெண்டு பிரசவ வார்டு. 1846-ல் முதல் வார்டில் நூறு தாய்மார்களில் 11 பேர் இறந்தாங்க. இரண்டாவதில் மூணு பேருக்கும் குறைவு. நம்ம பாஷையில சொன்னா, ஒரே கோட் ஓடுற ரெண்டு சர்வர்ல ஒண்ணு மட்டும் கிராஷ் ஆகுது.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் வித்தியாசத்தைத் தேடினார். இரண்டாவது வார்டைப் பார்த்துக்கிட்டது மருத்துவச்சிகள். முதல் வார்டுக்கு வந்த டாக்டர்களும் மாணவர்களும் பிரேதப் பரிசோதனை முடிச்ச கையோட வந்தாங்க. 1847 மே மாதம், பிளீச்சிங் பவுடர் கரைசலில் கை கழுவிட்டுத்தான் உள்ளே வரணும்னு சொன்னார். 1848-ல் ரெண்டு வார்டிலும் இறப்பு நூற்றுக்கு ஒண்ணு என்ற அளவுக்கு இறங்கிடுச்சு. அப்பவும் பல டாக்டர்கள் அதை ஏத்துக்கல.

சரி, சோப்பு என்ன பண்ணுது? சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணியோட சேரும், இன்னொரு முனை எண்ணெயோட சேரும். கையில இருக்கிற எண்ணெய்ப் பசையில ஒட்டியிருக்கிற கிருமியை அது பிடுங்கி எடுக்கும், தண்ணி அடிச்சுட்டுப் போகும். கொரோனா மாதிரி கொழுப்பு உறை இருக்கிற வைரஸ்னா அந்த உறையையே உடைச்சிடும். அதுக்குத் தேய்க்கணும், நேரமும் வேணும். 20 விநாடி போதும். வெந்நீர் தேவையில்ல. விரல் இடுக்கு, நக ஓரம், கட்டைவிரல் மூணையும் விட்டுடாதீங்க. கழுவின பிறகு துடைங்க, ஈரக் கையில கிருமி சுலபமா ஒட்டிக்கும்.

“சானிடைசர் இருக்கே ப்ரோ”ன்னு கேப்பீங்க. 60 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருந்தா நல்லதுதான். ஆனா வாந்தி, வயித்துப்போக்கு தர்ற நோரோவைரஸுக்கு அந்தக் கொழுப்பு உறை கிடையாது, சானிடைசர் சரியா வேலை செய்யாது. அதுக்குச் சோப்பும் தண்ணியும்தான். கை அழுக்கா, பிசுபிசுன்னு இருந்தாலும் அப்படியே.

எங்க அக்காவுக்குப் போன மாசம் குழந்தை பிறந்துச்சு. பார்க்க வர்ற பெரியப்பா, அத்தை எல்லாரும் பஸ்ல இருந்து இறங்கின கையோட குழந்தையோட கன்னத்தைத் தொடுவாங்க. “கை கழுவுங்க”ன்னு பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அம்மாதான் வழி கண்டுபிடிச்சாங்க. வாசல் பக்கத்துக் குழாய்ல சோப்பும் துண்டும் வச்சுட்டு, “வாங்க வாங்க, கை கால் கழுவிட்டு வாங்க, காபி போடறேன்”னாங்க. ஒருத்தர்கூட முகம் சுளிக்கல.

யாரையும் திருத்த வேண்டாம் மக்களே. சோப்பைக் கைக்கு எட்டுற இடத்துல வச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. நாளைக்கு மதியம் சாப்பிட உட்காரும் முன்னாடி அந்த 20 விநாடியை எண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!