ரூட்டரை மாட்டியதோடு வேலை முடியவில்லை

திருப்பூரில் புதிதாகப் பனியன் கம்பெனி தொடங்குகிறவர், பவர் டேபிள் எத்தனை, ஜெனரேட்டர் எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் பத்துப் பேரைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். வைஃபை மட்டும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர் ரூட்டரைச் சுவரில் மாட்டி, கம்பெனி பெயரையோ முதலாளியின் போன் நம்பரையோ பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு வாரத்துக்குள் அது கட்டிங், செக்கிங், டெம்போ டிரைவர், ஜாப் ஒர்க் கொண்டுவருகிறவர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஓசியில் நாலு பேர் படம் பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். டேட்டா கணக்கில் பெரிதாக ஒன்றும் குறையாதுதான். ஆனால் அந்த இணைப்பு முதலாளியின் பெயரில், முகவரியில், அடையாளச் சான்றில் வாங்கப்பட்டது. அதன் வழியாக யார் என்ன செய்தாலும் முதல் கேள்வி அவர் வாசலுக்குத்தான் வரும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதை 2008ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது புறப்பட்ட இடத்தைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். தொடர்பில்லை என்று தெளிவாகும்வரை விசாரணையை அவர்தான் தாங்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சல், மும்பை செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை வழியே போயிருந்தது. இவற்றுக்குப் பிறகே, 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது பற்றி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது.

‘எங்களிடம் திருட என்ன இருக்கிறது, பேங்க் ஆப்பெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டதுதானே’ என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. பேங்க் ஆப்பில் போகும் தகவலை நடுவில் எவரும் எளிதில் படிக்க முடியாது. ஆனால் வைஃபைக்குள் நுழைந்தவர் அதே வலையில் இருக்கும் டாலி கணினி, பொதுவில் பகிர்ந்த ஃபோல்டர், பிரிண்டர், சிசிடிவி பெட்டி எல்லாவற்றின் கதவையும் தட்டிப் பார்க்கலாம். பையரின் ஸ்டைல் ஷீட்டும் காஸ்டிங் கணக்கும் அங்கேதான் கிடக்கின்றன. அமெரிக்காவில் குறைந்த விலைக்கு ஆடை விற்கும் டிஜேஎக்ஸ் குழுமத்துக்கு நேர்ந்தது இதுதான். 2001லேயே உடைபட்டுவிட்ட டபிள்யூஇபி என்ற பழைய பூட்டை நம்பியிருந்த கடை வைஃபை வழியாக 2005இல் உள்ளே புகுந்தவர்கள், குறைந்தது நான்கரைக் கோடி கார்டுகளின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள்.

அப்படியானால் தொழிலாளர்களுக்கு வைஃபையே கொடுக்கக் கூடாதா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருப்பவருக்கு வீட்டாரின் முகம் பார்க்க அதுதான் வழி. மறுப்பது நியாயமும் இல்லை, தேவையும் இல்லை. பெரும்பாலான ரூட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற தனிப்பாதை உண்டு. ஆபீஸுக்கு முதன்மை வைஃபை, மற்றவர்களுக்கு இந்தத் தனிப்பாதை என்று பிரித்துவிட்டால் ஆபீஸ் கணினிகளை அவர்கள் எட்ட முடியாது. முதல் நாளே செய்ய வேண்டியவை இன்னும் சில. ரூட்டரின் அமைப்புக்குள் நுழையும் ‘அட்மின்’ பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு, இரண்டையும் மாற்றுங்கள். பூட்டு டபிள்யூபிஏ2 அல்லது 2018இல் வந்த டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். பாஸ்வேர்டு இல்லாமல் ஓர் எண்ணைக் கொண்டே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், பதினோராயிரம் முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இல் அம்பலமானது. வேலையை விட்டு ஒருவர் போனால் சாவியைத் திரும்ப வாங்குவதுபோல, பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். விடுதிக்குப் பக்கத்தில் வைஃபை விற்க நினைக்கும் டீக்கடைக்காரருக்கும் நேர்வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தில் உரிமமும் கட்டணமும் இல்லாமல் அதைச் செய்யலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது புகுந்துவிட்டால் சட்டம் துணை நிற்கிறது. பிறருடைய கணினியிலோ வலையமைப்பிலோ அனுமதியின்றி நுழைவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரிய தவறு. மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டை, நீதிமன்றப் படியேறாமல், தீர்ப்பளிக்கும் அலுவலராக இருக்கும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடமே கோரலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கைமாறிக்கொண்டே போகும். பதற்றத்தில் ரூட்டரை ‘ரீசெட்’ செய்துவிடாதீர்கள். எந்தக் கருவி எப்போது இணைந்தது என்ற பதிவு அதில் இருந்தால், நீங்கள் செய்யவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இரவு கம்பெனி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது திருப்பூர் வழக்கம். சுவரில் பச்சை விளக்கு மினுக்கும் அந்தப் பெட்டியையும் இன்றைக்கு ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.