சாஞ்சு நிக்கலாமா பாஸ்?

ராத்திரி ரெண்டு மணி. தாம்பரம் பக்கம் புதுசாகக் கட்டின ஒரு வீடு. எல்லோரும் நல்ல தூக்கத்தில் இருக்க, திடீரென்று 'டமார்!' என்று ஒரு சத்தம். 'ஐயோ, திருடன்!' என்று அம்மா அலற, அப்பா டார்ச்சோடு மாடிக்கு ஓட... பால்கனியில் யாருமே இல்லை. பால்கனியின் கண்ணாடித் தடுப்பும் இல்லை! தரையெல்லாம் கல்கண்டு கொட்டின மாதிரி சில்லுகள். கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டி மேலேயும் அதே.

"பகல்ல அக்கா பையன் அந்த ஸ்கூட்டி பக்கத்துலதான் விளையாடிட்டிருப்பான். அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது மச்சி" என்கிறான் நண்பன். சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். கடைக்கு போன் போட்டால், "அது டஃபன்டு கிளாஸ் சார், தானா எல்லாம் உடையாது. யாராவது கல் எறிஞ்சிருப்பாங்க" என்று பதில். மறுநாள் காலையில் நேரே தன் புரொஃபசரிடம் போய் நின்றான். அவர் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி: "எவ்ளோ ஸ்ட்ராங்குன்னு கேட்டு வாங்கியிருப்பீங்க. உடைஞ்சா என்ன ஆகும்னு கேட்டீங்களா?"

அதானே மேட்டர்! மாலில், தியேட்டரில், காலேஜ் காரிடாரில் என்று நாம் சாயாத கண்ணாடியே கிடையாது. நாளைக்கு நம்ம வீட்டுக்கே கண்ணாடி ரெய்லிங் போடலாம் என்று அப்பாவிடம் அடம் பிடிக்கப் போவதும் நாம்தான். அதனால் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோமே.

உள்ளுக்குள்ளே ஒரு கடுப்பு!

சாதாரண ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி நீள நீளமாக வரும். ரெய்லிங்குக்கு அது ஆகவே ஆகாது. அதனால் அந்தக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பார்கள். வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் லேட்டாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே இறுகிப்போன வெளிப்பக்கம் விடாது. இந்த இழுபறியில் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், உள்பக்கம் எப்போதும் இழுவிசையில் இருக்கும். மேலே ஒரு கீறல் விழுந்தாலும் அந்த அழுத்தம் அதை வாய் திறக்க விடாது. சாதாரண கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம் வருவது இப்படித்தான். இதுதான் டஃபன்டு.

ஆனால் விரிசல் எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்டால், அடக்கி வெச்ச அத்தனை கடுப்பும் ஒரே நொடியில் வெளியே வரும். முழுக் கண்ணாடியும் பொடிச் சில்லாகிவிடும். சில்லு கையைப் பெரிசாகக் கிழிக்காது, சரி. ஆனால் தடுப்பு இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லையே!

சரி, யாரும் தொடாமல் எப்படி உடைந்தது? வில்லன் பெயர் நிக்கல் சல்ஃபைடு. கண்ணாடி தயாராகும்போது எப்போதாவது உள்ளே மாட்டிக்கொள்ளும் குட்டியூண்டு துகள். சைஸ் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். சூட்டில் ஒரு வடிவம், குளிர்ந்தால் இன்னொரு வடிவம் என்று மாறக்கூடிய ஆசாமி. சட்டென்று குளிர வைப்பதால் மாற நேரமில்லாமல் அப்படியே உறைந்துவிடுகிறார். அப்புறம் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் மெதுவாக மாறி, லேசாக உப்புகிறார். இழுவிசையில் இருக்கும் இடத்தில் அந்த உப்பலே போதும்... டமார்!

டொரன்டோவில் கண்ணாடி மழை

இது நம்ம நண்பன் வீட்டு ராசி மட்டும் இல்லை. 2011-ல் கனடாவின் டொரன்டோ நகரத்தில், புத்தம் புது அடுக்குமாடிகளின் பால்கனிக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உடைந்து தெருவில் கொட்டின. பால்கனிப் பக்கமே போகாதீங்க என்று குடியிருப்பவர்களைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஒன்டாரியோ மாகாண அரசு நிபுணர் குழு போட்டு, 2012 ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டட விதியையே மாற்றியது. தளத்தின் விளிம்பை ஒட்டி வரும் தடுப்புக்கு லேமினேட்டட் கண்ணாடி. கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால், 'ஹீட் சோக்' செய்த டஃபன்டும் ஓகே.

அதென்ன ஹீட் சோக்? டஃபன்டு கண்ணாடியை மறுபடி அடுப்பில் வைத்து, 250 டிகிரிக்கு மேலே சில மணி நேரம் வாட்டுவது. உள்ளே வில்லன் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே உடைந்துவிடும். நம்ம தலைமேல் உடைவதற்கு அடுப்பில் உடைவது பெட்டர் இல்லையா? நூற்றுக்கு நூறு கேரன்ட்டி கிடையாது. ஆனால் ஆபத்து நன்றாகவே குறையும்.

நடுவுல ஜாம்!

லேமினேட்டட் என்பது ரெண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பிரெட் ஜாம் மாதிரி. 1903-ல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை தவறி விழுந்ததாம். விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. உள்ளே ஒட்டிக் காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் பேடன்ட் வாங்கியது 1909-ல். இன்றைக்கு காரின் முன் கண்ணாடி லேமினேட்டட். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டு. ஆக்ஸிடென்ட் ஆன கார்களைப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும்.

ரெய்லிங்கில் இதுக்கு என்ன லாபம்? ஒரு கண்ணாடி உடைந்தாலும் இன்னொன்று நிற்கும். ரெண்டுமே பொடியானால்? படலம் மட்டும் இருந்து, ஈரப் போர்வை மாதிரி மடிந்து சாயலாம். அதனால்தான் மேலே ஒரு கைப்பிடிக் குழாய் வைக்கச் சொல்கிறார்கள். "அது ஃபேஷனா இல்லையே" என்று தங்கச்சி மூஞ்சியைத் தூக்கினாலும் விட்டுக்கொடுக்காதீங்க.

எத்தனை பேர் சாய்வாங்க?

வீட்டுக்கும் காலேஜுக்கும் ஒரே கண்ணாடி போதுமா? போதாது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-ன் கணக்கைப் பாருங்க. தனி வீட்டுப் பால்கனித் தடுப்பு, ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 35 கிலோ பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க வேண்டும். தியேட்டர், ஸ்கூல் மாதிரி கூட்டம் சேரும் இடத்தில் அதே ஒரு மீட்டருக்கு சுமார் 230 கிலோ! ஆறு மடங்குக்கும் மேல். கல்ச்சுரல்ஸ் அன்றைக்கு மாடி காரிடாரில் நாலு வரிசையாக நின்று, கீழே நடக்கும் டான்ஸைப் பார்க்க முட்டித் தள்ளுவோமே... அந்தத் தள்ளு சேர்த்துத்தான் இந்த நம்பர்.

அந்தத் தள்ளு கடைசியில் போய்ச் சேர்வது எங்கே? கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளாம்ப், போல்ட், அதுக்குக் கீழே இருக்கும் கான்கிரீட். 1993-ல் அதே டொரன்டோவில், ஒரு வழக்கறிஞர் ஜன்னல் கண்ணாடி எவ்வளவு ஸ்ட்ராங் என்று காட்ட, ஓடிப் போய் அதன்மேல் மோதினார். கண்ணாடி உடையவில்லை. ஆனால் ஃப்ரேமை விட்டு மொத்தமாகக் கழன்றது. 24-வது மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். கண்ணாடி பாஸ், ஃபிட்டிங் ஃபெயில்!

கடையில கேளுங்க பாஸ்!

* பால்கனிக்கு, கீழே ஆள் நடமாடும் இடத்துக்கு லேமினேட்டட்தான் முதல் சாய்ஸ். டஃபன்டுதான் என்றால், "ஹீட் சோக் பண்ணினதா?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்க.

* கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை இருக்கா பாருங்க. ஐ.எஸ்.ஐ. மார்க்கும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்க வேண்டும்.

* "அளவு கொஞ்சம் தப்பினா சைட்லயே வெட்டிக்கலாம், ஓட்டை போட்டுக்கலாம்" என்று சொன்னால், அது டஃபன்டே இல்லை! டஃபன்டு ஆன பிறகு வெட்டினால் பொடியாகிவிடும்.

* 12 எம்.எம். கண்ணாடி ஒரு சதுர மீட்டர் 30 கிலோ. நாலு டைல்ஸ் ஸ்க்ரூவில் அது நிற்காது. பிடிமானத்தை இன்ஜினீயர் பார்க்கட்டும்.

* கண்ணாடியும் இரும்பும் நேராக உரசக் கூடாது. நடுவே ரப்பர் வேண்டும். டஃபன்டுக்கு வீக் பாயின்ட் ஓரம்தான்.

* உயரம் குறைந்தது ஒரு மீட்டர். இடைவெளி எங்கேயும் 10 சென்டி மீட்டரைத் தாண்ட வேண்டாம். குழந்தையின் தலை நுழையக் கூடாது.

* கடல் பக்கத்து வீடா? ஃபிட்டிங்ஸ் 304 ஸ்டீல் வேண்டாம், 316 கேளுங்க. உப்புக் காற்றைத் தாங்கும்.

சரி, நண்பன் வீட்டுக் கதை என்ன ஆச்சு? மறுபடி கடைக்குப் போனார்கள். லேமினேட்டட் ரேட்டைக் கேட்டதும் அப்பா எழுந்தே விட்டாராம். "கண்ணாடிக்குப் போய் இவ்வளவாடா?" நண்பன் பொறுமையாக, "அப்பா, எல்லா இடத்துக்கும் கண்ணாடி எதுக்கு? உள் மாடிப்படிக்கு ஸ்டீல் கம்பியே போதும், நெருக்கமா, செங்குத்தா வெச்சுக்கலாம். அந்தக் காசை பால்கனியில போடுவோம்" என்றிருக்கிறான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டாராம், "தம்பி, இது உடைஞ்சா என்ன ஆகும்?"

மூணு வருஷம் கட்டின ஃபீஸ் அன்னிக்கே வசூலாயிடுச்சு என்கிறான் நண்பன்.

அடுத்த தடவை மாலில் கேங்கோடு போஸ் கொடுக்கும்போது, சாய்வதற்கு முன்னாடி ஒரு செகண்ட் அந்தக் கண்ணாடியின் மூலையைப் பாருங்க. முத்திரை இல்லையா, கிளாம்ப் ஆடுதா? ரெண்டடி தள்ளி நின்னு செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க. போட்டோ எங்கே நின்னாலும் வரும் மாமு!